தரையில் விடாத பெண்

காவிரிப் பாலம் ஏறுமுன்பே பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் மூச்சடைத்து நின்றுவிட்டது. கிளீனர் பின்பக்கம் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்க, நாங்கள் எல்லோரும் இறங்கி நின்றோம். ஐந்து வயதுப் பெண்ணை இடுப்பில் சுமந்திருந்த ஓர் அம்மாவிடம், வாழையிலைக் கட்டோடு நின்றவள் பேச்சுக் கொடுத்தாள்.

"எறக்கி விடுங்களேன். எவ்வளவு நேரம் சுமப்பீங்க?"

"நாலு மாசமா இவளைத் தரையில விடலைங்க. கால்ல ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் ஏங்க?"

"மூத்தவன் ஓடி விளையாடிட்டு வந்து படுத்தான். எந்திரிக்கல. இருதயம்னு சொன்னாங்க. அதுலேருந்து இவளைப் பகலெல்லாம் கட்டில்லயே ஒக்கார வெச்சிருக்கேன். படுத்தா, மார்ல கை வெச்சு வெச்சுப் பாப்பேன்."

"தூங்குறாளா?"

"எங்க தூங்குறா. அதான் புத்தூர்ல டாக்டரைப் பாத்துட்டு வரோம். இவளுக்கு இருதயம் நல்லா இருக்காம். ஓடியாடினாத்தான் தூக்கம் வரும், இருதயமும் பலப்படும்ங்கறார்."

"அப்ப எறக்கி விடுங்க."

அந்த அம்மா சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். பெண்ணை மெல்லக் கீழே விட்டாள். பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. இரண்டடி நடந்தது. பிறகு எதிரிலிருந்த புளியமரம் வரைக்கும் ஓடி, மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தது. மூச்சு வாங்க, அம்மாவின் கையை எடுத்துத் தன் மார்மேல் வைத்துக்கொண்டது.

"பாத்துக்கோம்மா. இன்னொரு தடவை ஓடிட்டு வரேன்."