கோர்ட்டுக்குள் ஐந்தாவது ஆள்

"கோச்ச வெளிய போகச் சொன்னது தப்பா சார்?"

விருதுநகர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர், மடியில் புது பிக்கிள்பால் மட்டைகள். கேட்டவர் பட்டாசுக் கம்பெனி போர்மேன் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவரோடு ஆடிய வாத்தியார்.

"மொத நாளு சொல்லிக்குடுக்க வந்த மனுசன வெரட்டிட்டீகளே அண்ணாச்சி."

"ரெண்டு பக்கமும் சேத்து நாம நாலு பேரு ஆடுதோம். அஞ்சாவதா அவரு கோர்ட்டுக்குள்ள வந்தா? எங்க பட்டாசு மருந்து ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல நிக்கக்கூடாதுல்லா."

"இது பிளாஸ்டிக் பந்து. வெடிக்கவா போகுது?"

"ரூலுன்னா ரூலு சார்."

"அப்ப ஒங்க கம்பெனியில நாலுக்கு மேல ஒருத்தர விடமாட்டீக."

"சீசன்ல பத்துப் பேரு இருப்பாக. அங்கன வெளிய போங்கன்னு சொன்னா, மொதலாளி என்னயல்லா வெளிய போகச் சொல்லுவாரு."