மிர்த்தா வீட்டு ராஜபனைக்கு உரம்

— கடை நடுவுல அந்த மூட்டையையே ஏன் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிற, கிழவா? கீழ வை. அது புல்லுக்குப் போடுறது.

— இதைப் பார்த்தா யாருக்கும் தப்பு வரும், நெரெய்தா. முன்னாடி பனைமரம் படம் போட்டிருக்கே.

— இந்த ஊர்ல குளிக்கிற சோப்புலகூடப் பனைமரம்தான் போட்டிருக்கான். படத்தைப் பார்த்தா உரம் வாங்குவாங்க? நம்பர் என்ன போட்டிருக்கு, படி.

— படிச்சு என்ன ஆகப் போகுது இப்போ.

— படி.

— இருபத்தொம்பது, சைபர், நாலு.

— அப்படின்னா?

— தழைச்சத்து இருபத்தொம்பது. மணிச்சத்து கிடையாது. சாம்பல்சத்து பேருக்கு நாலு. புல்லு குபுகுபுன்னு வரும். கூடவே களைக்கொல்லியும் கலந்திருக்கு.

— அதைப் பனை அடியில கொட்டினா?

— அதான் மிர்த்தா வீட்டு வாசல்ல நிக்குதே. போய்ப் பாரு.

— பார்த்தேன். குருத்து தீஞ்சு சுருண்டு கெடக்கு. இன்னிக்குக் காலையில இன்னொண்ணும் பார்த்தேன். நம்ம கராஜ்ல, புயலுக்கு ஜன்னல்ல மாட்டுற பலகைக்குப் பின்னாடி, இதே மூட்டை காலியா மடிச்சுச் சொருகியிருந்தது. முன்வாசல் முழுக்க சிமெண்ட் போட்ட வீட்டுக்குப் புல்லு உரம் எதுக்குன்னு கேட்டேன். நீ அழுதுட்ட.

— மெதுவாப் பேசேன். அடுத்த வரிசையில ஓர்லாந்தோ பொண்டாட்டி பூந்தொட்டி பார்த்துட்டு நிக்கிறா.

— பார்க்கட்டும், கேட்கட்டும். ஹயலீயா ஊர் பூராவும் கேட்கட்டும். நீ என்ன, கொலையா பண்ணிட்ட? பக்கத்து வீட்டுக்காரி ஊர்ல இல்ல, அவ மரத்துக்கு ஒரு பிடி உரம் போடுவோம்னு போன. மூட்டை மாறிப்போச்சு. மிர்த்தா திரும்பி வந்த அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா ஒரு காபியோட போயிருக்கும். நீ வாயை மூடிட்டு இருந்த. பழி அந்தப் பையன் தலையில விழுந்துருச்சு.

— யுனியேல்தான் பண்ணினான்னு நான் சொல்லல.

— அவன் இல்லைன்னும் சொல்லலயே. பாவம், கியூபாவிலேருந்து வந்து ஒரு வருஷம் ஆகல. இங்கிலீஷ்ல அவன் பேரைத் தவிர ஒரு எழுத்து ஓடாது. மக லிசெத்தைக் கட்டிக்கப் போறவன்னு மிர்த்தா பின்னறையைக் கொடுத்தா. அவனும் சும்மா இருக்கக் கூடாதேன்னு தோட்டத்தைப் பார்த்துக்கிட்டான். அந்த வீட்ல மரம் பட்டுப்போனா பழி யார் மேல வரும்? மூட்டையைப் படிக்கத் தெரியாதவன் மேலதான்.

— தெரியும், நெரெய்தா.

— இப்போ அவன் எங்க படுக்குறான்னு தெரியுமா? பெரியப்பா பையன் வேன்ல, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவுல. லிசெத் பெத்த அம்மாகிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்ல. ஈஸ்டர் போனதும் கல்யாணம்னு சொல்லிட்டிருந்தாங்க. இப்போ யாரும் அந்தப் பேச்சையே எடுக்கிறதில்ல.

— எல்லாம் தெரியும்னு சொல்றேன்ல.

— தெரிஞ்சுதான் தினமும் பூங்காவுக்கு டொமினோ ஆடப் போனியா?

— ஆடல. உட்கார்ந்திருந்தேன். அவங்க ஆடினாங்க.

— சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. எந்த மூட்டை எடுக்கணும், சொல்லு. நீதானே நம்ம தெருவுக்கே பனை வைத்தியன்.

— அப்படிச் சொல்லாத.

— நானா சொல்றேன்? தெருவே சொல்லுது. “எவேலியோவைக் கேளு”ன்னு.

— அது அப்போ. செம்பருத்தியில பூச்சி விழுந்தா மிர்த்தா நம்ம கதவைத்தான் தட்டுவா. வாழை சாஞ்சா நான்தான் போய் முட்டுக் கொடுப்பேன். யுனியேல் வந்தப்புறம், “பக்கத்து வீட்டுக்காரரே, இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன், எனக்கு வீட்லயே ஆள் வந்தாச்சு”ன்னா.

— நல்லதாப் போச்சு. உன் இடுப்புக்கு ஓய்வு.

— ஆமா. நல்லதுதான்.

— இதோ பாரு, எட்டு, ரெண்டு, பன்னெண்டு. இது?

— அதுதான். எடு. பன்னெண்டு சாம்பல்சத்து. நம்ம சுண்ணாம்புக்கல் மண்ணுல பனைக்கு அதுதான் பத்தாமப் போகும். மக்னீசியம் இருக்கா பாரு. மாங்கனீசும் இருக்கணும்.

— நீயே படி. எனக்குப் பொடி எழுத்து தெரியல.

— இருக்கு. ரெண்டும் இருக்கு. மெதுவாக் கரையுற உரம்தான். மழையில ஒரே நாள்ல அடிச்சுட்டுப் போகாது.

— அவ வீட்டு இட்லிப்பூச் செடியும் வெளுத்துப்போய் நிக்குது. அதுக்கும் இதையே போடலாமா?

— போடலாம். குரோட்டன், செம்பருத்தி, வாழை, எதுக்கு வேணும்னாலும் போடலாம். அடித்தண்டுல குவிக்கக் கூடாது. ஓலை நிழல் விழுற தூரம் வரைக்கும் விரிச்சுத் தூவணும். ஆனா முதல்ல மேல்மண்ணுல கெடக்குற அந்த விஷத்தைச் சுரண்டி அள்ளணும்.

— கேட்டியா இதை! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவ போல. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் எப்படித்தான் மூட்டையை மாத்தி எடுத்தியோ.

— வயசாச்சு, நெரெய்தா.

— இதைப் போட்டா பிழைச்சுக்குமா?

— சொல்ல முடியாது. மாமரம்னா ஒரு கொப்பு போனா இன்னொண்ணு வெடிக்கும். பனைக்கு உயிரே அந்த ஒரு குருத்துதான். அடுத்த ஓலை நேரா வந்தா உண்டு. இல்லைன்னா மொட்டை மரம்.

— வந்துரும். கருணை மாதா கைவிட மாட்டா. வண்டியில ஏத்து. இடுப்பைப் பார்த்துத் தூக்கு.



— என்ன, சாவியைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்க? காரை எடு.

— மூட்டையை அவ வாசல்ல இறக்கி வெச்சுட்டுப் போயிரலாமா?

— யாரு வெச்சதுன்னு தெரியாமலா?

— மரம் பிழைச்சா எல்லாம் தன்னால அடங்கிடும்.

— மரம் பிழைக்குது, பிழைக்காமப் போகுது. வேன்ல படுத்திருக்கானே, அவன்? நாம வந்து இறங்கினப்போ நமக்கு என்ன படிக்கத் தெரிஞ்சது, சொல்லு. எலுமிச்சம்பழப் படத்தைப் பார்த்து, ஜூஸ்னு நீ தரை கழுவுற மருந்தைத் தூக்கிட்டு வந்த. நானும் சக்கரை போட்டுக் கலக்கினேன். நுரை பொங்கின பிறகுதானே விஷயம் தெரிஞ்சது! அதுக்காக யாராவது நம்மளை வீட்டைவிட்டு விரட்டினாங்களா? ராதமேஸ் வந்து வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சாரு. அப்புறம் உன்னைக் கூட்டிட்டுப் போய், கடையில ஒவ்வொரு டப்பாவா எடுத்துப் படிச்சுக் காட்டினாரு. மிர்த்தா புருஷன் கத்துக் கொடுத்த படிப்புதான் உன் படிப்பு.

— ராதமேஸ் பேரை எடுக்காத.

— ஏன் எடுக்கக் கூடாது? அவர் கையால நட்ட மரம். அந்தப் பனைக்குக் கீழதான் பொண்ணுக்குக் கல்யாணம்னு சொல்லிட்டே செத்தாரு.

— எடுக்காதன்னு சொல்றேன்ல! எனக்கு வெட்கமா இருக்கு. உடம்பெல்லாம் கூசுது. அந்த வீட்டுப் பக்கம் தலையைத் தூக்க முடியல.

— இந்தா, கைக்குட்டை. தொடைச்சுக்கோ. வெட்கப்படு, வேண்டாங்கல. ஆனா தெரியாமப் பண்ணினதுக்கு மன்னிப்பு உண்டு, கிழவா. ஒரு நிமிஷத்துப் பேச்சு. உனக்கு வாய் வரலைன்னா நான் சொல்றேன். நீ பக்கத்துல நில்லு, போதும்.

— நீ சொல்ல வேண்டாம்.

— அப்போ நீ சொல்லு.

— சொல்றேன்.

— எடு காரை.



— யாரு, நெரெய்தாவா? வா, வா! பக்கத்து வீட்டுக்காரரே, நீங்களுமா? எத்தனை நாளாச்சு இந்தப் பக்கம் வந்து! உள்ள வாங்க, காபி இப்போதான் இறக்கினேன். அது என்ன மூட்டை?

— பனைக்கு உரம், மிர்த்தா.

— பாரேன் இந்த மனுஷனை! நானே கூப்பிடணும்னு இருந்தேன், கேட்டீங்களா? எந்த மூஞ்சியை வெச்சுட்டுக் கூப்பிடுறதுன்னு பேசாம இருந்துட்டேன். உங்க பேச்சைக் கேட்ட வரைக்கும் அந்த மரத்துக்கு ஒரு வாட்டம் உண்டா? நேத்து வந்தவனை நம்பி விட்டேன். நீங்கதான் சொன்னீங்களே, “படிக்கத் தெரியாதவன் கையில ராதமேஸ் மரத்தைக் கொடுக்கலாமா, மிர்த்தா?”ன்னு.

— எவேலியோ! நீயா அப்படிச் சொன்ன?

— அது வந்து, நெரெய்தா...

— வேலிகிட்ட நின்னு சொன்னாரு, நெரெய்தா. நான் டாம்பாவுல அக்காவைப் பார்த்துட்டு வந்து இறங்கின அன்னிக்கு. என் நல்லதுக்குத்தானே சொன்னாரு. அன்னிக்கு சாயந்திரமே அவன் துணிமணியை எடுத்து வெளிய வெச்சேன். மாதா மேல சத்தியம் பண்ணினான், கேட்டீங்களா, நான் எதையும் தொடலைன்னு. பொய் வேற சொல்றியாடான்னு கேட்டேன்.

— மிர்த்தா, நிறுத்து. அவன் பொய் சொல்லல. மரத்தடியில புல்லு உரத்தைக் கொட்டினது என் வீட்டுக்காரர்.

— என்ன சொல்ற நீ?

— நீ திரும்பி வரும்போது மரம் பளபளன்னு நிக்கட்டும்னு ஆசையாப் போட்டிருக்காரு. கண்ணாடி போடாமப் போனா எந்த மூட்டை எதுன்னு எங்க தெரியும்? பனை உரம்னு நெனச்சுட்டாரு. தெரிஞ்சப்புறம் சொல்ல வெட்கம். வெட்கத்துல ஏதோ உளறியிருக்காரு. சோறு இறங்கல மனுஷனுக்கு, சத்தியமா.

— பக்கத்து வீட்டுக்காரரே? நீங்களா?

— நான்தான்.

— கடவுளே. அந்தப் புள்ளைய நான் என்னென்ன பேசினேன்! லிசெத்! ஏய் லிசெத், யுனியேலுக்குப் போன் போடுடி! இப்பவே வரச் சொல்லு, அவன் கால்ல விழுறேன்னு சொல்லு!

— நல்லாத் திட்டு, மிர்த்தா. எங்களைத் திட்டு.

— எதுக்குத் திட்டணும்? எனக்கு நல்லது பண்ண வந்து கை தவறினவரையா? ராதமேஸ் இருந்திருந்தா இந்நேரம் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்திருக்கும். அழாதீங்க, உங்களைத்தான். கையை இப்படிக் கொடுங்க. என் புருஷனுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி நீங்க. கல்யாணத்துல அவருக்குப் பதிலா நீங்கதான் லிசெத் கையைப் பிடிச்சு யுனியேல்கிட்ட ஒப்படைக்கணும்.

— பார்த்தியா, கிழவா? இவ்வளவுதான். இதுக்குப் போயா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைச்ச?

— மிர்த்தா, கையை விடுங்க.

— விட மாட்டேன். காபி குடிச்சுட்டுத்தான் போகணும்.

— விடுங்க. கண்ணாடி மூக்கு மேலதான் இருந்துச்சு. “பனைப் பக்கம் போடாதே”ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்த மூட்டையாப் பார்த்துத்தான் எடுத்தேன்.