வியாழக்கிழமைக் கேள்விகள்

— அழிச்சிடுங்கண்ணே. மொத்தத்தையும்.

— மொத்தத்தையுமா? மொதல்ல உட்காரு நெரெய்தா. முப்பத்தொரு வருஷம் கரும்பு ரயில் ஓட்டினவன் நான். எனக்குப் பின்னால வர்ற கடைசிப் பெட்டி அடுத்த மாகாணத்துல இருக்கும், கொஞ்சம்கூடக் கூட்டிச் சொல்லல. அந்த ரயிலையே ஒத்தைக் கையால நிறுத்தினவனுக்கு, உன் புருஷன் ஒவிதியோவோட ஹார்ட் டிஸ்க்கை அழிக்க மனசு வரல.

— மனசு வரலேன்னா நான் அழுத்தறேன். அந்தத் துருக்கித் தொடரைப் போட்டுக் குடுங்க. நூத்திநாப்பது பாகம்னு சொன்னீங்க. அதுக்கு இடம் வேணும்.

— தொடர் எங்க ஓடிப்போகுது. செவ்வாய்க்கிழமை ஆனா ஹவானாவுல இருந்து பஸ் ஏறி அதுவா எங்கிட்ட வந்து சேருது. படம் எடுத்தவனே இன்னும் பாக்காத படமெல்லாம் இந்த அமான்சியோ வீட்டு முன்னறையில கிடைக்கும். காப்பி போடட்டா? ரேஷன் காப்பிதான், பாதி வறுத்த பட்டாணிப் பொடி. மீதிப் பாதி காப்பிங்கறதுக்கு நான் பொறுப்பு.

— வேண்டாம்.

— ஒவிதியோ போய் எத்தனை நாளாச்சு?

— நாப்பத்தஞ்சு.

— நாப்பத்தஞ்சு நாள்ல உன் கண்ணுல ஒரு சொட்டு நான் பாக்கல. தப்பாச் சொல்லல. உனக்கும் சேத்து நான்தான் அழுதேன். கல்லறையில என் கைக்குட்டையைப் பிழிஞ்சிருந்தா இந்த ஊர்ப் பானை ரெண்டு நிரம்பி வழிஞ்சிருக்கும்.

— உங்களுக்கு அழுகை வருது. எனக்கு வரல. அவ்வளவுதான்.

— சரி, அழுத்தறேன். ஆனா பாரு, இந்த மெஷினுக்கு இருக்கிற மரியாதைகூட நமக்கு இல்ல. ஒரு வார்த்தை கேக்குது. 'முன்னூத்திப் பன்னிரண்டு கோப்பு. நிச்சயமா அழிக்கணுமா?' ஐயாயிரம் கோப்பை, உள்ள என்னன்னு பாக்காம ஒரு மனுஷன் எப்படி...

— முன்னூத்திப் பன்னிரண்டுன்னு இப்பத்தான் படிச்சீங்க.

— எழுத்தை எண்ணினா ஐயாயிரத்தைத் தாண்டும். உள்ள என்ன இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?

— தெரியும். பூங்காவுல இண்டர்நெட்டுல இருந்து எடுத்துட்டு வர்ற பக்கங்க. வியாழக்கிழமை ஆனா ஒரு மணிநேர இண்டர்நெட் அட்டையைச் சுரண்டிக்கிட்டுப் போய் வெயில்ல உட்கார்ந்துடுவார். கண்ணுல பட்டதை எல்லாம் சேமிச்சுக்கிட்டு வந்து, அடுத்த வியாழன் வரைக்கும் வீட்டுல படிப்பார். நான் எதிர்ல உட்கார்ந்திருப்பேன். அவர் அதைப் படிப்பார்.

— அந்த பெஞ்சுல இப்பவும் அவன் உட்கார்ந்த பள்ளம் இருக்கு. மழை பெஞ்சா புறா வந்து குளிக்குது.

— அது கல் பெஞ்சு.

— அதனாலதான் சொல்றேன், எவ்வளவு உட்கார்ந்திருக்கணும். இரு, ஒண்ணே ஒண்ணு திறக்கறேன். ரயில்லகூட இறங்கறதுக்கு முன்னாடி கடைசிப் பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுத்தான் இறங்குவேன்.

— திறங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. பஸ் அஞ்சு மணிக்குத்தான்.

— ம்... இது நம்ம ஊர்க்காரங்க மன்றம். காமகுவேயில பொறந்து வெளிநாடு போய்ச் சிதறினதுங்க எல்லாம் ஒண்ணுகூடி, ஒருத்தர் கேள்வி போட, ஒருத்தர் பதில் போடற இடம். மயாமியில இருந்து ஒருத்தி எழுதறா, நார்வேயில இருந்து ஒருத்தன். அவன் வீட்டு வாசல்ல பனிக்கரடி பேப்பர் போடும்னு நினைக்கறேன். ஒவிதியோவுக்கு அங்க 'வியாழன் தாத்தா'ன்னு பேரு. வாரத்துக்கு ஒருநாள்தானே தலைகாட்டுவான்.

— அங்க பேர் வேற வெச்சிருக்காங்க. சரி.

— நீலமா எழுத்து இருக்கு பாரு, இதெல்லாம் இணைப்பு. தட்டினா இங்க திறக்காது. கதவை மட்டும் பேத்து எடுத்துக்கிட்டு வந்திருக்கான், வீடு பூங்காவுலயே நிக்குது. பரவால்ல, கேள்வியும் பதிலும் இருக்கு. வாசிக்கறேன் கேளு. 'கருப்பு பீன்ஸ் ஊற வெச்ச தண்ணி எங்க வீட்டுல ஏன் நீலமா ஆகுது?'

— அது நான் கேட்டது.

— நீ எப்ப மன்றத்துக்குப் போனே?

— மன்றத்துல இல்ல. வீட்டுல. அடுப்பங்கரையில நின்னுக்கிட்டுக் கேட்டேன். ரொம்ப வருஷம் ஆச்சு.

— அடுத்தது. 'கோழி தூங்கறப்ப ஏன் கண்ணைக் கீழேயிருந்து மேல மூடுது?'

— அதுவும் நான் கேட்டதுதான்.

— 'ரேடியோ பக்கத்துல ஆள் போய் நின்னா ஏன் சத்தம் தெளிவாகுது, நகர்ந்தா ஏன் கரகரங்குது?'

— நான்தான். பேஸ்பால் ஆட்டம் கேக்கறப்ப என்னை ரேடியோகிட்ட நிக்க வெச்சிடுவாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து.

— ரெண்டு பேருன்னா ஒவிதியோவும்...

— ஒவிதியோவும் இன்னொருத்தரும்.

— 'இன்னொருத்தர்'. நீ பெத்த பிள்ளை, என் ஞானமகன், உன் வாயில இன்னொருத்தர் ஆயிட்டான். ஞானஸ்நானத் தொட்டிகிட்டத் தூக்கிப் பிடிச்சவன் நான். அன்னிக்கு அவன் போட்ட சத்தத்துல பாதிரியார் ஜெபத்தை மறந்து தன் பேரையே அவனுக்கு வெக்கப் போயிட்டார். ஒன்பது வருஷமா அந்தப் பேரை நானும் சொல்லல. ஒவிதியோ வேண்டாம்னான்.

— 'திருடன் பேரை இந்த வீட்டுல சொன்னா நான் வெளியே போயிடுவேன்'னார். சொல்லல. அவரும் போகல.

— ஒரு மோட்டாருக்காக. ஒவிதியோவோட வாழைத்தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற பெட்ரோல் மோட்டார், என்னைவிட வயசுல பெரிசு, என்னைவிட அதிகமா இருமும். அதைப் போய்ப் படகுல மாட்டிக்கிட்டுக் கடலைத் தாண்டியிருக்கான். இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியாதது ஒண்ணு. நாலு போல்ட்டும் துருப்பிடிச்சு ஒட்டிக்கிடந்துச்சு. யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. அந்தப் பையன் ஒத்தை ஆளா எப்படிக் கழட்டினான்?

— பதிமூணாம் நம்பர் ஸ்பானர் போட்டா வரும். முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சிடணும்.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— ஒவிதியோ சொல்லுவார்.

— அவன் ஸ்பானரைப் பிடிச்சு நான் பாத்ததே இல்ல. சரி. மூணு மாசம் கழிச்சு மயாமியில இருந்து ஒரு போன் வந்துச்சுன்னு சொன்னான்.

— வந்துச்சு. 'கரையேறிட்டேன்'னு ஒரு வார்த்தை. இவர் போனை வெச்சிட்டார். அப்புறம் வரல. விலாசம் ஒண்ணும் கிடையாது. அடுத்த கோப்பைத் திறங்க.

— உனக்கும் ஆசை வந்திருச்சு.

— ஆசை இல்ல. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு.

— முன்னெல்லாம் எப்படி இருந்தே நெரெய்தா. சர்க்கரை ஆலைச் சமையல்கட்டுல நீ பெரிய கரண்டி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுக் கேள்வி கேட்டா, விசாரணைக்கு வந்த போலீஸ்காரன் பதில் தெரியாம முழிச்சிட்டு, சோறு சாப்பிடாமத் திரும்பிப் போவான். இப்ப இங்க வந்து ஒரு மணிநேரம் ஆச்சு. ஒரு கேள்வி கேட்டியா? 'எப்படியிருக்கீங்கண்ணே'ன்னுகூடக் கேக்கல.

— நல்லாத்தான் இருக்கீங்க. பாத்தாலே தெரியுது.

— இதுதான். இதையே சொல்றேன். சரி, இதுல நட்சத்திரம் போட்டு வெச்சிருக்கான். முன்னூத்திப் பன்னிரண்டுல இது ஒண்ணுக்குத்தான் நட்சத்திரம். 'பிரஷர் குக்கர், அடுப்பை அணைச்ச பிறகும் ஏன் முணுமுணுத்துக்கிட்டே இருக்கு?'

— நான் கேட்டது.

— அதுதான் தெரிஞ்சு போச்சே. பதில் ஒண்ணு இருக்கு. 'தேன்சிட்டு'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். 'உள்ள இருக்கிற தண்ணி இன்னும் அடங்கல தாத்தா. ஆவி வழி தேடுது. கர்னல் முணுமுணுக்கறதை நிறுத்தற வரைக்கும் மூடியில கை வெக்காதீங்க. எங்க வீட்டுல ஒரு தடவை அவசரப்பட்டு, பீன்ஸ் பூரா கூரைக்குப் போயிடுச்சு. நண்டு மாதிரி ஒரு கறை.' இது என்ன, நடுவுல ஒரு கர்னல்? பட்டாளத்துக்காரன் போல.

— திரும்ப வாசிங்க.

— 'கர்னல் முணுமுணுக்கறதை நிறுத்தற வரைக்கும்...'

— கர்னல்னா எங்க குக்கர்.

— எது?

— எங்க குக்கர் பேரு கர்னல். அஞ்சு வயசுல அவன் வெச்ச பேரு. வீட்டுல எல்லாருக்கும் அதுதான் உத்தரவு போடுது, அது கத்தினா எல்லாரும் ஓடறாங்கன்னு சொல்லி வெச்சான். எங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நண்டுக் கறை இன்னும் கூரையில இருக்கு. வெள்ளையடிச்சாலும் மேல வந்துடும்.

— நெரெய்தா.

— யோஸ்வெல்.

— நான் சொல்லல. நீதான் சொன்னே.

— ஆமா. நான்தான் சொன்னேன். அடுத்ததைத் திறங்க.

— இரு, இரு. இதோ, நட்சத்திரத்துக்கு அடுத்த வாரம். ஒவிதியோ போட்டது. 'கர்னலுக்கு ரப்பர் வளையம் வெடிச்சுப் போச்சு. இங்க எங்கேயும் கிடைக்கல. வெளியூர்ல கிடைக்குமா?' பாத்தியா, அவனும் கர்னல்னே எழுதியிருக்கான். ரகசியப் பேச்சு. ரெண்டு உளவாளிங்க இப்படிப் பேசியிருந்தா ஒரு யுத்தத்தையே ஜெயிச்சிருக்கலாம்.

— பதில்.

— தேன்சிட்டுதான். 'அளவு எனக்குத் தெரியும். வர்றவங்ககிட்டக் குடுத்தனுப்பறேன். வியாழக்கிழமை பெஞ்சுல இருங்க.'

— வளையம் வந்துச்சு. கறுப்பு வளையம், ரெண்டு. பூங்காவுல யாரோ சுற்றுலாக்காரர் குடுத்தார்னு சொன்னார். போட்டுக் குடுத்தார். சரியாப் பொருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல.

— ரெண்டு வருஷமா. முன்னூத்திப் பன்னிரண்டு கேள்வி. பின்னால வர்றதுல எல்லாம் தேன்சிட்டுதான் பதில். பாவி, எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே. நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பேனா?

— ஊர் பூராச் சொல்லியிருப்பீங்க.

— ஊரோட நிறுத்தியிருப்பேன். ஆனா ஏன் இப்படிச் சுத்தி வளைச்சு? நேரா 'மகனே எப்படியிருக்கே'ன்னு கேட்டா பூங்கா இடிஞ்சா விழும்?

— பேரைச் சொல்ல மாட்டேன்னு சொன்னார். சொல்லல. அவர் சொன்ன சொல் அவருக்கு. அதனால நான் கேட்டதையெல்லாம் எடுத்துட்டுப் போய் அங்க போட்டிருக்கார். என் வார்த்தையைப் பாத்தா அவனுக்குத் தெரியும்.

— கடைசிக் கோப்பு இருக்கு. வேண்டாம்னா விட்டுடறேன்.

— வாசிங்க.

— தேதி... அவன் போறதுக்கு மூணு நாள் முன்னாடி. வியாழன். 'இந்த வீட்டுல ஒருத்தி நாள் பூராக் கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பா. நான் ஞாபகம் வெச்சிருந்ததையெல்லாம் இங்க கேட்டு முடிச்சிட்டேன். கையிருப்பு தீர்ந்துபோச்சு. ஒன்பது வருஷமா அவ புதுசா ஒண்ணும் கேக்கறதில்ல. இனிமே நான் எதைக் கேக்கறது?'

— பதிலை வாசிங்க.

— பதில் இல்ல. 'பதில்கள்: பூஜ்யம்'னு இருக்கு. போட்ட கையோட சேமிச்சிருக்கான், அட்டையில நேரம் முடிஞ்சிருக்கும். பதில் அங்க பூங்காவுல, காத்துல தொங்கிக்கிட்டிருக்கு. ஆறு வியாழன் ஆச்சு. அந்தப் பையன் ஆறு வியாழனா அங்க வந்து பாத்துட்டுப் போறான். தாத்தாவைக் காணோம்னு.

— அழிக்கற பெட்டியை மூடுங்க. 'வேண்டாம்'னு அழுத்துங்க.

— ரெண்டு தடவை அழுத்திட்டேன். துருக்கித் தொடர்?

— அது இருக்கட்டும்.

— நாளைக்கு வியாழன். எங்கிட்ட ஒரு அட்டையில இருபது நிமிஷம் மிச்சமிருக்கு. இங்கேயே தட்டி வெச்சுக்கிட்டா அங்க போய் ஒட்டறது ஒரு நிமிஷ வேலை. ஒவிதியோ பேர்லயே போடலாம், கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஊர்ல பாதிப்பேர் கடவுச்சொல் எனக்குத் தெரியும். சொல்லு. என்ன போடட்டும்?

— 'அப்பா நாப்பத்தஞ்சு நாளைக்கு முன்னாடி போயிட்டார். ஞாயித்துக்கிழமை. தூக்கத்துல. கஷ்டப்படல.'

— ...கஷ்டப்படல. போட்டாச்சு. என் கண்ணாடியில ஏதோ தூசி. ம், சொல்லு.

— 'கர்னல் நல்லா இருக்கு. வளையம் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஞானத்தகப்பன் பக்கத்துல இருக்கார். அவர் சொல்றதுல பாதியை எடுத்துக்கோ.'

— பாதியா? அநியாயம். சரி, போட்டாச்சு. ஆனா நெரெய்தா, இது கேள்வி மன்றம். ஒரு கேள்வியாவது இல்லேன்னா மெஷின் வாங்கிக்காது, திருப்பி அனுப்பிடும். இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லல, நெஜம்.

— கேள்வி.

— ஆமா. ஒண்ணு. கோழியைப் பத்தி இருந்தாலும் போதும்.

— எழுதுங்க. 'அன்னிக்கு நான் கழட்டிக் குடுத்தேனே, அந்த மோட்டார் கரை வரைக்கும் ஓடுச்சா?'