ஃப்ளோரன்ஸ் டீச்சரின் போன் மக்கர் செய்த விதம்

க்யூஆர் கோடு எடுக்கவில்லை என்றால் முதலில் லென்ஸைத் துடைக்க வேண்டும், டெரிக் தம்பி. பத்துக்கு ஒன்பது போனுக்கு அதுதான் வியாதி. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு போனை எடுப்போம். பிறகு கடையில் நின்றுகொண்டு கம்பெனிக்காரனைத் திட்டுவோம். உங்கள் அம்மாவுக்கும் முதல் தடவை அதுதான் நடந்தது. அந்த முதல் தடவைக்கு நான் பொறுப்பல்ல.

உட்காருங்கள். அம்மா சாயங்காலப் பூசை முடிந்து வர நேரமாகும். நீங்கள் பெர்த்திலிருந்து வந்து இறங்கியது முதல், வீட்டை விற்று அம்மாவைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். நேற்று மாடிப்படியில் என்னைப் பிடித்து, "அங்கிள், எதிர் வீட்ல இருந்து தினம் பாக்கறீங்க. அம்மாவால தனியா சமாளிக்க முடியுமா? உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். மரியாதையாகக் கேட்டீர்கள். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் ராயப்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். லென்ஸ் துடைக்கும் துணி இன்றைக்கும் என் சட்டைப் பையில் இருக்கும். அன்று தேவானையின் காய்கறி வண்டி முன்னால் டீச்சர் போனை நீட்டுவதும் இழுப்பதுமாகத் திணறிக்கொண்டிருந்தார். தேவானைக்கு வாய் சும்மா இருக்காதே. "இன்னா டீச்சரம்மா, காய் வாங்க வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா? பின்னால ஆளுங்க நின்னுகினு கீறாங்க" என்றாள். நான் போனை வாங்கி ஒரு துடை துடைத்துக் கொடுத்தேன். உடனே எடுத்துக்கொண்டது. "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன், ராஜநாயகம் சார்?" என்றார் உங்கள் அம்மா. என் மனைவி போன பிறகு அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பல நாள் போன் ஒழுங்காக வேலை செய்தது. டீச்சர் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு ஒரே ஆட்டோவில் போனோம். போனை வாங்கிப் பார்ப்பதுபோல் லென்ஸ் மேல் கட்டைவிரலை வைத்தேன். விரலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் இருந்தது. வீட்டிலேயே தொட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனால் எண்ணெய் நிலைக்கவில்லை. டீச்சரே புடவைத் தலைப்பால் துடைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு தடவை பார்த்தால் போதும் அவருக்கு.

எனவே நான் படிக்க வேண்டியதாயிற்று. 'உங்கள் போன் க்யூஆர் கோடு எடுக்கவில்லையா?' என்று இணையத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? கேமராவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா பாருங்கள், கவர் லென்ஸை மறைக்கிறதா பாருங்கள், நெட் ஓடுகிறதா பாருங்கள் என்று ரொம்பப் பொறுப்பாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வைத்தியத்துக்கு எழுதியதை நான் வியாதிக்குப் படித்தேன். ஒருநாள் அனுமதியை எடுத்துவிடுவேன். இன்னொரு நாள் கவருக்குள் ஒரு துண்டு செலோடேப். ஒன்றைச் சரிசெய்து காட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்ததை வைத்து அனுப்புவேன். டீச்சர் கதவைத் தட்டுவார். நான் காபி போடுவேன். அவர் உங்களைப் பற்றிப் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உங்கள் அப்பா கிளெமென்ட்டின் நினைவு நாளுக்கு முந்தின நாள் கோயிலுக்குப் போனோம். பூசைக்குப் பெயர் கொடுக்க, வாசலில் மாதா சுரூபம் இருக்கும் கெபி பக்கத்தில் ஒரு க்யூஆர் பலகை வைத்திருக்கிறார்கள். டீச்சரின் போன் எடுக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். டீச்சருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் என் போனில் எடுத்து, காரியத்தை முடித்துக் கொடுத்தேன். பெயர் கேட்டது, என் பெயரைப் போட்டேன். மறுநாள் பூசையில், "மறைந்த கிளெமென்ட் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுப்பவர், ராஜநாயகம்" என்று மைக்கில் வாசித்தார்கள். கோயிலே திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தது. டீச்சர் தலைகுனிந்து அழுதார். கணவருக்கான பூசையில் தன் பெயர் வராமல் போனதே என்று. எனக்கு மட்டும் அந்தப் பூசை சீக்கிரம் முடிந்துவிட்டதே என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சார், எங்கம்மாவுக்குக் கடைசியில ஞாபகமே இல்லாமப் போச்சு. எனக்கும் ஆரம்பிச்சிடுச்சோ?" நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "வயசானா சகஜந்தான் டீச்சர்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

மயிலாப்பூரில் மறதிக்குப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் நானேதான் அழைத்துப் போனேன். தண்ணீர் பாட்டிலை நான் வைத்துக்கொண்டேன். டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். டீச்சர் விடுவிடுவென்று சொல்லிக்கொண்டே போனார். டாக்டர்தான் நடுவில் தடுமாறினார். எல்லாம் நன்றாக இருக்கிறது, வீட்டு வேலையில் ஏதாவது சிரமம் உண்டா என்று கேட்டார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள், "ஒரு க்யூஆர் எடுக்க வரல டாக்டர். எத்தனையோ தடவை சொல்லிக் குடுத்தாச்சு" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம்தானே உங்களுக்கு வந்தது? அன்று திரும்பும் வழியில் டிபன் சாப்பிட்டோம். டீச்சர் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நல்ல நாள் வந்து எவ்வளவோ காலமாகிறது, தம்பி.

எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு சிறிய பொருள் என்னால் அடிக்கடி பழுதாகிறது என்று சொன்னேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இது. உங்கள் அம்மாவுக்கு மறதியும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னைவிட, உங்களைவிடத் தெளிவாக இருக்கிறார். அவரால் இந்த வீட்டில் தனியாக இன்னும் எத்தனையோ வருடம் இருக்க முடியும். அவர் போனைக் கெடுத்தது நான். அவருக்குப் புத்தி மழுங்குகிறது என்று அவரையே நம்பவைத்ததும் நான். எனக்காக இதைச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஊரில், போன் மக்கர் செய்தால் ஓடி வந்து பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

முறைக்காதீர்கள். இன்னும் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. முந்தாநாள் பாண்டி பஜாரில் அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தீர்கள். நேற்று அதை என்னிடம் காட்ட வந்தார். இன்று காலையில் தேவானை வண்டியில் அதுவும் எடுக்கவில்லை. நீங்களே முயன்று பார்த்துவிட்டு, கடையிலேயே திருப்பிக் கொடுக்கிறேன் என்று பில்லைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். பாவம், கடைக்காரனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு நிமிட வேலை, நான் சரிசெய்துவிடுகிறேன். ஆனால் அதை நீங்கள் எடுத்து வர வேண்டாம். அம்மாவிடமே கொடுத்து அனுப்புங்கள்.