கரப்பந்துத் தளத்துக்குக் கால் நாட்டிய விபரம்

பெயர்: கந்தையா இராசரத்தினம். வயது: 51. தொழில்: தளபாடத் தொழிற்சாலையில் பொதி கட்டுதல். வதிவிடம்: ஹேர்னிங்.

அயலவரின் முறைப்பாடு தொடர்பாக, மேற்படியார் 2009 மே 23, சனிக்கிழமை காலை, மொழிபெயர்ப்பாளர் மேரிகிறேஸ் மூலம் தன் வீட்டில் வைத்துப் பொலிசாரிடம் கூறியதாவது:

நான் 1986 முதல் டென்மார்க்கில் வசிக்கிறேன். விளக்கில்லாமல் சைக்கிள் ஓடியதைத் தவிர என் மேல் எந்த முறைப்பாடும் வந்ததில்லை.

எனது பின்வளவில் கரப்பந்து விளையாட மரத்தளம் ஒன்று போட்டு வந்தேன். நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் ஆறு. முழு அளவுக்கு வளவு காணாது. புல் ஈரத்தில் வழுக்கும் என்பதால், தொழிற்சாலையில் கழித்த பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, தண்ணீர் வடிய விரல் இடைவெளி விட்டு அறைந்தேன். இன்று வந்த பொலிஸ்காரர் ஒருவர் அதன்மேல் துள்ளிப் பார்த்துவிட்டு, மழைக்கு இதுவும் வழுக்காதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மணல் கலந்த பெயின்ற் பூச இருக்கிறேன் என்றேன்.

தளம் யாருக்கு என்று கேட்டபடியால் சொல்கிறேன். என் மனைவி விமலராணியின் தம்பி கபிலனுக்கு. வயது 34. வன்னியில் இருந்தவன். தை மாதம் தொலைபேசியில், "அத்தான், அங்க வந்தா நான் எங்க விளையாடுறது?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு, இந்த மாதம் 19ஆம் திகதி நான் வேலையில் நிற்கும்போது வவுனியாவிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, 14ஆம் திகதி செல் விழுந்து வெடித்துக் கபிலன் இறந்துவிட்டதாகவும், உடலை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார். மனைவிக்கு இரத்த அழுத்தம். நான் சொல்லவில்லை. தளத்தை நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள் என்று, இன்னும் கெதியாக அறைந்தேன். அவன் அகதி முகாமில் இருப்பான், பதிவு முடியத் தொலைபேசி எடுப்பான் என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு வலைக் கம்பம் நட நாள் பார்த்தேன். நல்ல நேரம் பார்த்துத்தான் கால் நாட்டுவது எங்கள் வழக்கம். பார்க்காமல் நட்டால் மனைவி சந்தேகப்படுவாள். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் இன்று காலை 8.10 என்று இருந்தது. அங்கே 8.10 என்றால் இங்கே 4.40. அந்த நேரத்தில் கிடங்கு வெட்டினால் அயலவர் என்ன நினைப்பார் என்று யோசிக்காதது என் பிழை.

4.40க்கு நல்ல வெளிச்சம். மூன்றடிக் கிடங்கில் பால் ஊற்றி, நவதானியம் போட்டேன். கற்பூரம் கொளுத்துவது எப்போதும் மனைவிதான். இன்று, "நீங்களே கொளுத்துங்கோ, எனக்குக் கை உளையுது" என்றாள். அதற்குப் பிறகு வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கிடங்கில் வைத்தாள்.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வைக்கிறதுதான். மூடுங்கோ."

அப்படி ஒருவரும் ஒன்றும் வைப்பதில்லை. என்னவாக இருக்கும் என்று யோசித்தபடியே கம்பத்தை நிறுத்தி மண் போட்டேன்.

ஏழு மணிக்கு இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு குழந்தையைப் புதைத்ததாக அயல்வீட்டு அம்மா அறிவித்திருந்தார். கிடங்கைத் தோண்டச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

துணிக்குள் ஒரு சோடி விளையாட்டுச் சப்பாத்து இருந்தது. புதியது. விலைத்துண்டும் கழற்றவில்லை. என் காலுக்கு அது சேராது. யாருடையது, யாரைப் புதைத்தீர்கள் என்று பொலிஸ்காரர் கேட்டார். "என் தம்பியை. உடல் கிடைக்கவில்லை" என்று மனைவி டேனிஷ் மொழியில் சொன்னாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"புதன்கிழமை மாமி கனடாவில இருந்து எடுத்துச் சொன்னவ. உங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சன். நீங்கள் பாவம், அவன் வாறான் எண்டு சந்தோசமா அறைஞ்சுகொண்டு நிண்டியள். எப்பிடிச் சொல்லுறது?"

நான் தளத்துப் பலகையில் அமர்ந்து அழுதேன். சப்பாத்தைத் திரும்ப வைக்கலாமா என்று மனைவி கேட்டாள். பொலிஸ்காரர் சம்மதித்து, கம்பம் சாயாமல் ஒரு பக்கம் பிடித்தார்.

இவ்வளவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. இதில் நான் சொன்னதில் பொய் இல்லை. செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரை, கபிலன் முகாமில் இருக்கிறான் என்று மனைவிக்குச் சொன்னது பொய். அதையும் பதியும்படி கேட்டு, அவள் பக்கத்தில் இருக்கக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. இராசரத்தினம்