கழண்டு விழாத பட்டை

— காலை விட்டுட்டு நாயோட தலையைப் பிடிங்க பட்டறைக்காரரே. காதுக்குப் பின்னாடி. அழுத்தாதீங்க, மயக்க ஊசி இன்னும் முழுசா ஏறல.

— கை வழுக்குது டாக்டரம்மா, ஒரே ரத்தம்.

— வழுக்காம என்ன செய்யும்? ஒரு மனுஷனைப் போட்டு அந்த அடி அடிச்சிட்டு நேரா இங்க வந்து நிக்கிறீங்க. சட்டையில இருக்கிற ரத்தம் நாயோடதா, அந்தாளோடதா?

— ரெண்டும்தான். என்னோடதும் கொஞ்சம் இருக்கு. கட்டைவிரலுக்குக் கீழ பாருங்க, கவ்விடுச்சு.

— எப்போ கவ்வுச்சு?

— அவனை அடிச்சிட்டிருக்கும்போது. பாய்ஞ்சு வந்து என் கையைப் பிடிச்சுத் தொங்கிடுச்சு. பயத்துல யாரு எவருன்னு தெரியல, பாவம். வாயில்லா ஜீவன்.

— அப்பா, அது அந்தாளை ஒண்ணுமே செய்யலப்பா. உங்களை மட்டும்தான் கடிச்சுது.

— அதான் சொன்னேனே பாப்பா, பயம். நீ இங்க பாக்காத. ஜன்னல் பக்கம் திரும்பி நில்லு.

— நான்தானே டாக்டர் ஆன்ட்டி முதல்ல பார்த்தேன்! மரக்கடைக்குப் பின்னாடி, மரத்தூள் கொட்டியிருக்கிற இடத்துல. அந்தக் கடை வாட்ச்மேன் இந்த நாயை ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு கத்தியால கழுத்தை அறுத்துட்டிருந்தாரு. நான்தான் கத்தினேன், அப்பா, கொல்றான் பாருங்க, கொல்றான் பாருங்கன்னு.

— அவ கத்தின கத்துல எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு டாக்டரம்மா. வண்டியில இருந்த சுருக்குக் கம்பியை உருவிட்டு ஓடினேன்.

— நாய் பிடிக்கிறதுக்கு நீங்களே செஞ்சீங்களே, அந்த இரும்புக் குழாயா?

— அதேதான். ஓங்கி முதுகுல ஒண்ணு. கத்தி கீழ விழுந்துச்சு. கையெடுத்துக் கும்பிட்டான். சார், சார், ஒரு நிமிஷம் கேளுங்கன்னான். கழுத்தறுக்கிறவனுக்கு என்ன ஒரு நிமிஷம்? கும்பிட்ட கையிலயே போட்டேன். காஞ்ச விறகை ஒடிக்கிற மாதிரி சத்தம். அப்புறம் தலையில ஒண்ணு. மொத்தம் மூணே அடி.

— ஏழுப்பா.

— என்னது?

— ஏழு அடி. நான் எண்ணினேன். கீழ விழுந்தப்புறம் நாலு. அம்மா வந்து உங்களை இழுக்கலைன்னா இன்னும் அடிச்சிருப்பீங்க. அவர் பல்லு ஒண்ணு என் செருப்பு பக்கத்துல வந்து விழுந்துச்சு.

— போதும் பாப்பா.

— அந்தாள் இப்ப எங்க?

— என் வீட்டுக்காரி ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கா. அவளுக்கு இளகின மனசு. நானா இருந்தா அந்த மரத்தூள்லயே கிடடான்னு விட்டிருப்பேன்.

— பேச்சைக் குறைங்க. செத்துகித்துப் போனா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

— போலீஸ் வரட்டும், நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். பத்து வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா எங்களுக்கு சினிமா உண்டா, விருந்து உண்டா? குடும்பத்தோட தெருத்தெருவா சோறு, மருந்து, கருத்தடைன்னு அலையறோம். லாரியில அடிபட்டுச் சாகக்கூடாதுன்னு ஒவ்வொரு நாய்க்கும் ராத்திரி வெளிச்சத்துல பளபளக்கிற கழுத்துப்பட்டை போடறோம். அவ அம்மா தைப்பா, பாப்பா நம்பர் எழுதுவா, நான் கழுத்துல மாட்டி இரும்பு ரிவெட் ஆணி அடிச்சு விட்டுடுவேன். பக்கிள் வச்சா கண்டவன் கழட்டிட்டுப் போறான். ரிவெட் அடிச்சா எவன் கழட்டறது? இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு கழண்டு விழுந்துச்சுங்கிற பேச்சே இல்ல.

— இதுக்குப் பட்டை காணோமே?

— இது நம்ம பக்கத்து நாய் இல்ல. நம்ம நாயா இருந்தா பட்டையோடல்ல இருக்கும்? மொத்தம் நாப்பத்திரெண்டு. எல்லாம் பாப்பா நோட்டுல இருக்கு.

— நாப்பத்தொண்ணுப்பா. பதினேழாம் நம்பர் காணாமப் போச்சுல்ல? மூணு மாசக் குட்டி ஆன்ட்டி, தொப்பை மட்டும் பெருசா இருக்கும். பட்டை போட்ட மறுவாரமே காணோம். குட்டிங்கறதால அதுக்கு மட்டும் நம்பர் பக்கத்துல ஒரு பூ வரைஞ்சிருந்தேன். ஒரு வருஷம் ஆகப்போகுது. நான் மூணு நாள் சாப்பிடவே இல்ல, தெரியுமா?

— சரி சரி, இப்ப கண்ணைக் கசக்காத. ஒண்ணு செய். கடைத்தெருவுல வண்டி நிக்குதுல்ல, அதுல புதுப் பட்டை இருக்கும், மார்க்கரும் இருக்கும். எடுத்துட்டு வா. இனிமே இது நம்ம பிள்ளை. எவன் கை வைக்கிறான்னு பாத்துடறேன்.

— ஐ! இதோ ஓடி வந்துடறேன்ப்பா!

— அவளை அனுப்பினது நல்லதாப் போச்சு. லைட்டை இந்தப் பக்கம் திருப்புங்க. முடியை மழிச்சுட்டுப் பாக்கறேன்... சே, என்ன நாத்தம்.

— சீழா?

— சீழ்தான். எப்போ வெட்டினான்னு சொன்னீங்க?

— ஒரு மணி நேரம்கூட ஆகல.

— ஒரு மணி நேரத்துல சீழ் பிடிக்காது பட்டறைக்காரரே. புழுவும் வைக்காது. இங்க பாருங்க, கழுத்தைச் சுத்தி வளையமா ஓடுது. இது மாசக்கணக்கா அழுகிட்டிருக்கிற புண்ணு.

— அப்போ மாசக்கணக்கா சித்திரவதை பண்ணியிருக்கான்! எட்டாவதையும் போட்டிருக்கணும் நான்.

— வாயை மூடிட்டுப் பிடிங்க. கத்தி பட்ட இடம் இது ஒண்ணுதான், பிடரியில ஒரு இன்ச். அதைச் சுத்தி வெள்ளையா ஏதோ பூசியிருக்கு. களிம்பு.

— கழுத்தறுக்கிறவன் எதுக்குக் களிம்பு பூசறான்?

— அதைத்தான் நானும் கேக்கறேன். உங்க போன் அடிக்குது பாருங்க.

— என் வீட்டுக்காரிதான். சொல்லுடி... ம்... எத்தனை தையல்?... பேசினானா?... என்னது? திரும்பச் சொல்லு... எதை எடுத்தாச்சான்னு?... இல்ல, இங்க அப்படி எதுவும் இல்லையே... சரி, வை.

— என்னவாம்?

— ஒரு தடவை கண்ணைத் திறந்தானாம். போலீஸைக் கேக்கல, பொண்டாட்டி பிள்ளையைக் கேக்கல. நான் பாதிதான் அறுத்தேன், பட்டையை முழுசா எடுத்துட்டாங்களான்னு கேட்டானாம். மறுபடி கண்ணை மூடிட்டான். அங்க டாக்டருங்க கையை விரிக்கிறாங்களாம். எந்தப் பட்டை டாக்டரம்மா?

— கடவுளே. இந்தக் களிம்பு நான் குடுத்தது. போன வாரம் சட்டையெல்லாம் மரத்தூளோட ஒருத்தன் வந்து வாசல்ல நின்னான். நாய்க்குக் கழுத்துல புண்ணுன்னான். நாயைக் கொண்டு வான்னேன். கயிறு போட்டா கத்துதும்மா, வண்டியிலயும் ஏறமாட்டேங்குதுன்னான். எனக்கு ஆயிரம் வேலை. களிம்பைக் குடுத்து அனுப்பிட்டேன்.

— அதுக்கும் பட்டைக்கும்...

— பேசாதீங்க. அந்த வளைஞ்ச இடுக்கியை எடுங்க. சதை மேல மூடி வளர்ந்திருக்கு. உள்ள ஏதோ நெருடுது... இதோ. பட்டைதான். யாரோ குட்டியில கட்டிவிட்டிருக்காங்க. நாய் வளர்ந்துச்சு, பட்டை வளரல. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா கழுத்தை அறுத்திருக்கு.

— எந்தப் பாவி செஞ்ச வேலை இது?

— அந்த வாட்ச்மேன் பாதி வரைக்கும் அறுத்துட்டான், பக்கத்துச் சதை கிழியாம. மயக்க ஊசி இல்லாம நானே இதுல கை வச்சிருக்க மாட்டேன். அவன் மடியில போட்டுக்கிட்டு காய் நறுக்கிற கத்தியால செஞ்சிருக்கான். இதுவும் கழுத்தைக் காட்டிட்டுப் படுத்திருந்திருக்கு.

— அதான் என்னைக் கடிச்சுதா?

— ஆமா. அவனை அடிச்சா வேற யாரைக் கடிக்கும்?

— ஒரு நிமிஷம் கேளுங்கன்னான். அய்யோ டாக்டரம்மா, ஒரே ஒரு நிமிஷம்தான் கேட்டான்.

— தலையை விட்டுடாதீங்க! அழறதை அப்புறம் அழுங்க, இப்பப் பிடிங்க. வருது... வருது... வந்துடுச்சு. யம்மா, என்ன தடிமன்! இது ஏன் கையால கழட்ட வரலைன்னு இப்பத்தான் தெரியுது. ஓரத்துல இரும்பு அடிச்சிருக்கு.

— என்ன சொன்னீங்க?

— இரும்புங்க. குமிழ் மாதிரி. துருப்பிடிச்சுக் கிடக்கு.

— அதைக் குடுங்க இங்க.

— கழுவிட்டுத் தர்றேன், இருங்க.

— குடுங்கன்னா! தண்ணி ஊத்துங்க. இன்னும் ஊத்துங்க.

— ஏன் இப்படி வெளிறிப் போறீங்க? உக்காருங்க முதல்ல. என்னன்னு சொல்லுங்க.

— ரிவெட்டு டாக்டரம்மா. என் பட்டறை ரிவெட்டு.

— இருங்க, உள்பக்கம் ஏதோ எழுதியிருக்கு. ஒண்ணு... பக்கத்துல ஏழு. அப்புறம் இது என்ன, பூவா?

— கதவைத் தாழ் போடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், தாழ் போடுங்க. அவ செருப்பு சத்தம் கேக்குது.

— அப்பா! ஏன்ப்பா பூட்டிட்டீங்க? புதுப் பட்டை கொண்டு வந்துட்டேன், பூ கூடப் போட்டுட்டேன். நம்பர் மட்டும்தான் பாக்கி. பதினேழு காலியாத்தானே இருக்கு, அதையே இதுக்கு எழுதிடட்டுமாப்பா?