முப்பத்தெட்டாயிரத்து எழுநூத்திப் பதினாலு

ஷம்சியா: ...மச்சி, கை வைக்காதீங்க. 'தொடக் கூடாது'ன்னு மலையாளத்துல எழுதித் தொங்க விட்டிருக்கு.

ஜுமைலா: எனக்குத்தான் மலையாளம் படிக்க வராதே. படிக்கத் தெரியாதவ தொட்டா குத்தமில்ல.

ஷம்சியா: அதேதானா? நல்லாப் பாருங்க.

ஜுமைலா: மூஞ்சி அதேதான் ஷம்சி. அந்த ரெண்டு முட்டக் கண்ணு... ஆனா நம்ம வண்டி பச்சையில்ல? இது ஆட்டு ஈரல் கலர்ல நிக்குது.

ஷம்சியா: முப்பது வருசத்துல யாராவது பெயின்ட் அடிச்சிருப்பாங்க. நீங்களுந்தான் தலைக்கு அடிச்சிருக்கீங்க.

ஜுமைலா: இது மருதாணி. நாத்தனார் வாய்க்கு ஒரு பூட்டு விக்கிறானான்னு இந்தக் கடையில கேக்கணும்.

ஷம்சியா: அண்ணே எங்க வந்துட்டிருக்காங்களாம்?

ஜுமைலா: வைப்பின்ல ஜங்கார் படகு ஏறியாச்சாம். ஒன் அண்ணே என்னைக்காவது கல்யாண வீட்டு பிரியாணிய பாதியில வச்சிட்டு எந்திரிச்சிருக்காங்களா? இன்னைக்கு எந்திரிச்சாச்சு. அந்தப் பக்கத்து வீட்டு ஷாஃபிக்கு வாய் நிக்காது பாரு... 'ரஷீது பாய், காணாமப் போன ஒங்க மோரிஸ் மைனர் காரு ஜூ டவுன்ல ஒரு பழைய சாமான் கடையில நிக்குது'ன்னு போன் போட்டுட்டான்.

ஷம்சியா: அப்ப நமக்கு அரை மணி நேரம். அதுக்குள்ள நம்பரப் பாத்துடணும்.

ஜுமைலா: பாத்துடணும். தேவராவுல அன்னைக்கு ஒரு வண்டியக் காட்டி, நம்பர் வேறன்னு ஆனதும் மனுசன் ஒரு வாரம் யாருகூடவும் பேசல. மறுபடி அப்படி ஆகக் கூடாது. அதுக்குத்தானே நாம முன்னாடியே ஓடியாந்தோம்?

ஷம்சியா: அதுக்குத்தான் மச்சி. வேற எதுக்கு?

ஜுமைலா: வேற எதுக்கும் இல்ல.

ஷம்சியா: ஸ்ஸ்... கடைக்காரரு வர்றாரு.

பாண்டியராஜன்: வாங்கக்கா. தமிழா பேசிட்டிருக்கீங்க? காது குளுந்து போச்சு. நான் போடிநாயக்கனூருங்க, பேரு பாண்டியராஜன். முதலாளி ஊர்ல இல்ல, கடைய நாந்தான் பாத்துக்கறேன்.

ஜுமைலா: ஒரு போட்டோ எடுத்துக்கலாமா தம்பி? வண்டியோட.

பாண்டியராஜன்: இப்பவே எடுத்துக்கங்க. நாலு மணிக்கு லாரி வருது. பெங்களூருல ஒருத்தர் வாங்கிட்டாரு.

ஷம்சியா: நாலு மணிக்கேயா?

பாண்டியராஜன்: அங்க போயிட்டா அவரு ஷெட்டுக்குள்ள போட்டுடுவாரு. அப்புறம் யாரு கண்ணுலயும் படாது.

ஜுமைலா: அப்ப... முன்னாடி மூடியத் தூக்கி வச்சு ஒரு போட்டோ.

பாண்டியராஜன்: மூடியவா? எல்லாரும் ஸ்டியரிங்கப் புடிச்சிட்டுல்ல எடுப்பாங்க.

ஷம்சியா: எங்க மச்சிக்கு எஞ்சின்னா உசுரு.

ஜுமைலா: ஆமா... சின்னப் புள்ளையிலேருந்து.

பாண்டியராஜன்: சரி, தள்ளி நில்லுங்க... இந்தா, தெறந்தாச்சு.

ஷம்சியா: வெளிய மாட்டியிருக்கிற நம்பர் வேறயா இருக்கு மச்சி.

பாண்டியராஜன்: அந்தப் பலகையில என்னக்கா இருக்கு? யாரு வேணும்னாலும் கழட்டி மாட்டலாம். வண்டி பொறந்தப்ப வச்ச நம்பரு உள்ள இருக்கு. எஞ்சினுக்குப் பின்னாடி, இந்தத் தகரச் சுவத்துல... இந்தா, இந்தச் சின்னத் தகடு.

ஷம்சியா: பாடி நம்பரு.

பாண்டியராஜன்: அடேங்கப்பா, அக்காவுக்குத் தெரியுதே.

ஜுமைலா: எங்க வீட்டுல பூனைக்குக்கூடத் தெரியும் தம்பி. போன் பூட்டு, பொட்டிப் பூட்டு, எல்லாத்துக்கும் அவங்க ஒரே பாடி நம்பரத்தான் வச்சிருக்காங்க. பேத்தி லமியா எண்ணப் படிச்சதே அதுலதான்.

பாண்டியராஜன்: எந்த வண்டியோட பாடி நம்பரு?

ஷம்சியா: அது... பொதுவா. ஒரு வண்டியோட.

பாண்டியராஜன்: இதுல பெயின்ட் ஏறி மூடிக் கெடக்கே. இருங்க, தின்னரும் துணியும் எடுத்துட்டு வாரேன். எனக்கும் பாக்கணும்போல இருக்கு.

ஜுமைலா: ஷம்சி, அவன் வர்றதுக்குள்ள உள்ள ஏறிப் பாரு. பின் சீட்டுக்குக் கீழ ஒரு ஓட்டை இருந்துச்சே, ரோடு தெரியுமே.

ஷம்சியா: சின்னப் புள்ளையில ஆஸிம் ஒத்தச் செருப்ப கீழ விட்டானே, அதானே? ...இல்ல மச்சி. தரை புதுசு. சீட்டும் புதுசு.

ஜுமைலா: கலரும் புதுசு, தரையும் புதுசு. அப்ப நம்ம வண்டி இல்ல. வா, போயிடலாம்.

ஷம்சியா: நானும் அதத்தான் நெனச்சேன். வாங்க.

ஜுமைலா: ம். போவோம்.

ஷம்சியா: போவோம்...

ஜுமைலா: பின்ன ஏன்டி எறங்க மாட்டேங்குற?

ஷம்சியா: நீங்க ஏன் அந்தத் தகட்ட மோந்து பாத்துட்டு நிக்கிறீங்க?

ஜுமைலா: பாக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது.

ஷம்சியா: எனக்கு மட்டும் வருமா?

பாண்டியராஜன்: கொஞ்சம் வெளிச்சம் விடுங்கக்கா. ...ஆங், வருது. மொதல்ல மூணு.

ஜுமைலா: எட்டா இருக்கும். நல்லாப் பாருங்க தம்பி.

ஷம்சியா: எட்டேதான். எனக்கு இங்கேருந்தே தெரியுது.

பாண்டியராஜன்: நீங்க என் முதுகத்தானக்கா பாத்துட்டிருக்கீங்க? மூணுதான். அடுத்தது... இதுதான் எட்டு.

ஜுமைலா: யா அல்லா.

பாண்டியராஜன்: ஏழு.

ஷம்சியா: மச்சி, என் கையப் புடிங்க.

ஜுமைலா: என் கைய யாரு புடிக்கிறது?

பாண்டியராஜன்: ஒண்ணு. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி...

ஜுமைலா: போதும் தம்பி. நாலு நம்பர் போதும்.

பாண்டியராஜன்: எதுக்குப் போதும்?

ஷம்சியா: போட்டோவுக்கு.

பாண்டியராஜன்: இருங்கக்கா, வந்துருச்சு... நாலு. மூணு எட்டு ஏழு ஒண்ணு நாலு. ...என்ன, ரெண்டு பேரும் சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா?

ஜுமைலா: தின்னர் நெடி.

பாண்டியராஜன்: ஐயய்யோ, உக்காருங்க. ரெண்டு சாயா சொல்லிட்டு வாரேன். தண்ணியும் கொண்டாரேன்.

ஷம்சியா: முப்பத்தெட்டாயிரத்து எழுநூத்திப் பதினாலு... மச்சி, நம்ம வண்டி. நம்ம வண்டியேதான்.

ஜுமைலா: இங்க வா. ஒன் அண்ணே வந்தா நம்பர் வேறன்னு சொல்லிடுவோம்.

ஷம்சியா: சொல்லிடுவோம்.

ஜுமைலா: ...ஏன்னு கேக்கல நீ?

ஷம்சியா: கேக்கணுமா?

ஜுமைலா: முப்பது வருசமா தேடுற வண்டிய இல்லைங்கச் சொல்றேன். மாடு மாதிரி தலையாட்டுற.

ஷம்சியா: நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு... அண்ணே கண்ணாடியப் போட்டுட்டு நேரா தகட்டுக்குத்தான் போவாங்க. அதுக்கு என்ன பண்றது?

ஜுமைலா: பைக்குள்ள நெயில் பாலிஷ் ஏதாவது...

ஷம்சியா: லமியாவோடது இருக்கு. ரோஸ் கலரு.

ஜுமைலா: ஈரல் மேல ரோஸா? இரு, போன் அடிக்குது. அவங்கதான். ...ஆங், சொல்லுங்க. ...எறங்கியாச்சா? ...ஆட்டோவுலயா. ...பாத்தோம், பாத்துட்டேதான் இருக்கோம். ...ஷாஃபிய எதுக்கு வீட்டுக்கு அனுப்புனீங்க? ...அந்தப் பழைய கம்ப்ளெயின்ட்டு பேப்பரா? ...ஸ்டேஷனுக்கும் சொல்லியாச்சா? எதுக்குங்க இவ்ளோ அவசரம்... என்னது? ...இல்ல. நெழல்லதான் நிக்குது. ...சரி. மெதுவா வாங்க.

ஷம்சியா: நெழல்ல நிக்குதுன்னு எதச் சொன்னீங்க?

ஜுமைலா: வண்டியத்தான். வெயில்ல நிக்குதான்னு கேக்குறாங்க ஷம்சி. நாம ரெண்டு பேரும் உச்சி வெயில்ல ஓடியாந்தோமே, அதக் கேக்கல.

ஷம்சியா: அப்ப இனி மறைக்க முடியாது.

ஜுமைலா: போலீசோட வர்றாங்க. திருட்டு வண்டிய வச்சிருக்கேன்னு மொதல்ல யாரப் புடிப்பாங்க? நமக்குச் சாயா வாங்கப் போயிருக்கானே, அந்தப் புள்ளையத்தான்.

ஷம்சியா: மச்சி...

ஜுமைலா: குறுக்க பேசாத. அந்த வண்டி திருட்டே போகல. நான்தான் சாவியக் குடுத்தேன்.

ஷம்சியா: சாவிய நீங்களா குடுத்தீங்க?

ஜுமைலா: பழைய இரும்பு எடுக்க வருவானே, ஆக்ரிக்காரன் முகமது இஸ்மாயில், அவன்கிட்ட. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம், ஆம்பளைங்க எல்லாம் பள்ளிவாசல்ல. மறுநாள் ஏழு புள்ளைகள ஏத்திட்டு பாலக்காடு போறேன்னு ஒன் அண்ணே நின்னாங்க. வண்டிக்கு பிரேக்கு கெடையாது. சுவத்துல முட்டித்தான் நிப்பாட்டுவாங்க. நான் அழுதேன், சண்ட போட்டேன், கேக்கல. சாவிய ஜன்னல் வழியா அவன் கையில போட்டுட்டு, அடுக்களையில போய் ரெண்டு காதையும் பொத்திட்டு உக்காந்துட்டேன்.

ஷம்சியா: அதுக்கப்புறம் ஸ்டேஷன்ல?

ஜுமைலா: அவங்க பக்கத்துல நின்னு, 'ஆமா சார், திருட்டுப் போச்சு'ன்னேன். இவ்ளோ வருசமா அதையே சொல்லிட்டிருக்கேன். இன்னைக்கு உண்மையச் சொல்லிடறேன். அவங்க நாலு மணி வரைக்குமாவது வண்டியத் தொட்டுப் பாத்துக்கட்டும், என்னைய என்ன வேணும்னாலும் கேக்கட்டும். நீ ஒண்ணும் அறியாதவ. வெளிய போய் நில்லு. ...போடி, ஆட்டோ வந்து நிக்குது.

ஷம்சியா: நான் எங்க மச்சி வெளிய போறது? சாவி போட்ட ஒடனே கெளம்புற வண்டியா அது? அன்னைக்கு இஸ்மாயில் ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு உக்காந்திருந்தான்... சந்து முனை வரைக்கும் பின்னாடி நின்னு தள்ளுனது யாருன்னு நெனச்சீங்க?